கல்லில் ஒரு வெற்றுக் கட்டம்

டண்டினொங், மெல்பேர்ண்
14.03.2011

அன்புள்ள மச்சான் சிறிதரனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உம்முடைய அக்கா இரண்டு தரம், நான் ஏழு தரம் எடுத்தோம். நீர் போனைத் தூக்குவதாயில்லை. அதனால் முத்திரை ஒட்ட வேண்டி வந்தது.

விஷயத்துக்கு வாறன். எத்தியோப்பியர் தெஸ்பாயேயின் மகளுக்கு எங்கள் கடையில் வெட்டிய கல்லறைக் கல்லில், பிள்ளையின் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து விழவில்லை. அந்த இடத்தில் வெறும் கட்டம் வெட்டுப்பட்டிருக்கிறது. மயானத்தில் கல்லை நிறுத்திய பிறகுதான் மனுசன் கண்டார். கட்டத்துக்குள் விரலை வைத்தபடி நின்றார்.

அது அவர்களுடைய கமோ மொழிக்கு வேண்டிய எழுத்து, போன ஒக்டோபரில்தான் கணினி எழுத்துகளின் பட்டியலான யூனிகோட்டில் சேர்த்தார்கள் என்று நீர்தான் சொன்னீர். புது எழுத்தென்றால் கவனமாகச் செய்து அனுப்ப வேண்டாமா? சிட்னியிலிருந்து நீர் செய்து அனுப்பிய பைலில் பிழை என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். யாவாரத்தில் ஏதோ ஒரு பதில் சொல்லத்தானே வேணும். கோபிக்காதேயும். சரியான பைலை அனுப்பும். புதுக் கல் என் பொறுப்பு.

அன்புடன் அத்தான்,
தேவராஜா


குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
29.03.2011

அன்புள்ள அத்தானுக்கு,

யூனிகோட்டில் சேர்ந்தாலும் என்னிடமிருந்த எந்த எழுத்துருவிலும் அந்த எழுத்து இல்லை. தெஸ்பாயே கடதாசியில் எழுதி அனுப்பினார். நான் வேலை முடிந்து வந்து மூன்று மாதம் அதைக் கீறி எழுத்துருவாக்கினேன். வளைவு சரியில்லையென்று நாலு தரம் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் தரம் போனில் சரியென்று சொல்லி அழுதார்.

பைலோடு அந்த எழுத்துருவையும் அனுப்பினேன். அதைக் கல் வெட்டுகிற மெஷினில் ஏற்றாவிட்டால் கட்டம்தான் வரும், கட்டம் வந்தால் வெட்டவேண்டாம் என்று உங்களுக்குச் சொன்னனான். "ஓம், ஓம்" என்றீர்கள். பின்னால் கல் அறுக்கிற சத்தம் கேட்டது.

ஒன்று கேட்கிறேன். வெட்டுமுன் மாதிரித்தாளை வாடிக்கையாளர் பார்த்துக் கையெழுத்து வைப்பது உங்கள் கடையின் வழக்கம். அவர் அதைப் பார்த்தவரா? இப்போது அவர் என் போனை எடுப்பதில்லை.

அன்புடன்,
சிறிதரன்


டண்டினொங்
06.05.2011

அன்புள்ள மச்சான்,

உமக்கு மறுமொழி எழுத ஐந்து கிழமை போய்விட்டது. சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். தாளில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. வைத்தபோது தாள் வெறுந்தாள். கல்லுக்குச் சொல்ல வந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு பஸ் மாறி வருகிறவரை இன்னொரு தரம் அலைக்கழிப்பானேன் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. அந்தக் கிழமை ஆறு கல் வெட்டக் கிடந்தது. அது மற்றப் பாதி. கட்டத்தைத் திரையில் கண்டேன். நீர் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவர்களுடைய எழுத்தில் கட்டம் கட்டமாய்த்தானே வரும் என்று எனக்கு நானே சொல்லிப் பொத்தானை அமத்தினேன்.

நேற்று தெஸ்பாயே வீட்டுக்குப் போய் இவ்வளவையும் சொன்னேன். கோப்பி ஊற்றித் தந்தார். புதுக் கல் வெட்டித் தாறன் என்றேன்.

"உன்ர ஆள் அந்த எழுத்தைப் பற்றிக் கிழமைக்குக் கிழமை கேட்டவன். நீ ஒருநாளும் கேக்கேல்லை" என்றார்.

வேறு கடையில் வெட்டுவிக்கப் போகிறாராம். கோப்பியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீர் விட்ட பிழையென்றே இருக்கிறாள். ஒருதரம் வந்துவிட்டுப் போமன், மூன்று பேருமாய் இருந்து கதைப்போம்.

அத்தான்,
தேவராஜா


குவேக்கர்ஸ் ஹில்
22.05.2011

அத்தானுக்கு,

தெஸ்பாயே போன் எடுத்தார். பெயர் முழுவதையும் எழுத்துரு தேவைப்படாத கோட்டுப் படமாகவே மாற்றிப் புதுக் கடைக்கு அனுப்பிவிட்டேன். இனி எந்த மெஷினிலும் கட்டம் விழாது. முன்பே அப்படிச் செய்திருக்கலாம். அது என் பிழை, அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கல் நிறுத்துகிற அன்று மெல்பேர்ணுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். ஏன் வரவில்லை என்று அக்கா கேட்பாள். நீங்களே சொல்லுங்கள்.

சிறிதரன்