சிங்களத்தில் நீ சொன்னது

மகனுக்கு,

செவ்வாயன்று கண்டி கிளினிக்கில் உன் மகள் தேனுஜாவைப் பரிசோதித்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. உன் மனைவி சுகந்திக்குச் சிங்களம் தெரியாது. இருவருக்கும் நடுவில் நீ இருந்தாய்.

"கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா டாக்டர். மூணு வயசாச்சு, இன்னும் என்னை அம்மான்னு சொல்லல" என்றாள் அவள். குழந்தை திரும்புகிறாள், அம்மா என்கிறாள், வெட்கம் மட்டுமே என்று நீ அதைச் சிங்களத்தில் சொன்னாய். டாக்டரே பெயர் சொல்லி அழைத்தும் அவள் பொம்மை பஸ்ஸின் சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தடிமன் பிடித்து மூக்கும் காதும் அடைத்திருக்கிறது என்றாய். டாக்டர் அதை எழுதிக்கொண்டார், ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் சுகந்தி என்னிடம் கேட்டாள்: "மாமா, நான் சொன்னதெல்லாம் டாக்டருக்கு வெளங்கிச்சா?"

உனக்கு அவமானம் நேரக்கூடாது என்று சிங்களம் தெரிந்தும் உள்ளே வாய் திறக்காத நான், அவளுக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மன்னிப்பில்லை. உனக்கும் இல்லை.

நீ கொழும்புக்குத் திரும்பிய பின் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்; அவள் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்வேன்.

"அவரும் கொழும்புல இருந்து வந்தா என்ன மாமா செய்றது?" என்றாள்.

வெளி வாங்கில் உட்கார்ந்திருக்கட்டும் என்றேன்.

அப்பா