இண்டைக்கும் ஆடினதோ

கிறேபெல்ட்
15.06.2006

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் அந்தத் தென்துருவப் பனியில் உன்னோடு இருக்கும் எட்டுப் பேரும் மாதாவின் காவலில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். நாங்களும் இங்கு சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரிக்குக் கை வரவில்லை பிள்ளை. கடைசிவரை வாசித்துவிட்டு எழும்பு. எனக்குக் கையால் எழுதினால்தான் மனம் வரும், கொறற்றிச் சின்னம்மா நாளைக்குத் தன் வேலையிடத்தில் ஸ்கான் செய்து ஈமெயிலில் அனுப்புவார்.

உங்கள் நிறுவனம் குடும்பங்களுக்கு அனுப்பும் மாதக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. என் டொச் பாஷை உனக்குத் தெரியும், அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். மே மாதம் கடலடியில் நிலம் நடுங்கி, நீ நிலநடுக்கக் கருவிகளைப் பார்க்கப் போகும் குடிலுக்குப் பக்கத்தில் பனி பிளந்ததாம், நீயும் உன் கூட்டாளியும் பனிவண்டியோடு ஐந்து மணித்தியாலம் வெடிப்புக்கு அந்தப் பக்கம் நின்றீர்களாம். அதே கிழமை நீ எனக்கு எழுதியதைத் தேடி எடுத்தேன், குளிர்தான், வேறு புதினம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். பெற்ற தகப்பனுக்கு ஒளிப்பதா என்று சின்னம்மாவிடம் கத்தினேன். நீங்கள் மட்டும் அவளுக்கு எல்லாம் சொன்னனீங்களோ அத்தான் என்று அவர் கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெனிற்றா, ஈஸ்டர் முடிந்த இரண்டாம் கிழமை அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இப்போது றேஹா ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்குகிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார் டொக்டர், பேச்சைப் பற்றிக் கேட்டால் பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். நவம்பர் வரை அங்கே விமானமும் இறங்காது, கப்பலும் வராது, வர ஏலாத பிள்ளைக்குச் சொல்லி என்ன பிரயோசனம் என்று நானும் சின்னம்மாவும் முடிவெடுத்தோம். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. நான் இங்கு அகதியாக அசூலுக்குக் காத்திருந்த காலத்தில் என் ஐயா, உன் அப்பப்பா, ஊரில் செத்ததை மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அப்படியிருந்தும் உனக்கு அதையே செய்தேன். நீ டெலிபோன் எடுத்தபோது இரண்டு தரமும் அம்மாவாகப் பேசியது சின்னம்மா. குரல் ஒரே மாதிரி என்று நம்பினோம். சாப்பிட்டியோ என்று கேட்டார், லைன் இரையுது என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா ஏன் இப்போது ஆடினதோ என்று கேட்பதில்லை என்று நீ போன கிழமை எழுதியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நீ போன நாளிலிருந்து அவர் முதலில் கேட்பதே இண்டைக்கும் ஆடினதோ என்றுதானே. ஆளே இல்லாத இடத்தில் பனிக்கடியில் வரும் சின்ன நடுக்கத்தையும் பிடிக்கிறவள் நீ, உன்னிடம்போய் ஒளிக்கப் பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அம்மா இடது கையைக் கவிழ்த்துப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நான் வலிப்பு என்று பயந்து தாதியைக் கூப்பிடுவேன், அவர்கள் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று போவார்கள். நேற்று அந்த மாதக் கடிதத்தைக் கட்டிலருகில் இருந்து தமிழில் சொன்னேன். நிலம் ஆடினதாம் என்றவுடன் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு, அதே மாதிரிக் கையை ஆட்டி என் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது உன்னை, நான் தாதியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெளியில் போய் அழ வேண்டியிருந்தது.

நீயும் அழு, ஆனால் தனியே இருந்து அழாதே, உங்கள் நிலைய டொக்டரிடம் சொல்லு. கயிறு கட்டாமல் அந்த வெடிப்புப் பக்கம் போகாதே. இங்கு உலகக் கிண்ணம், தெருவெல்லாம் கொடி, எனக்கு ஒன்றிலும் மனம் இல்லை. ஓகஸ்ட்டில் எங்கள் ஆட்கள் கேவலார் மாதா கோயிலுக்குப் போகும்போது அம்மாவையும் சக்கர நாற்காலியில் கொண்டுபோவேன்.

மாதா உன் காலடி நிலத்தை உறுதியாக வைத்திருக்கட்டும். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு டெலிபோன் எடு, மறக்காதே. றேஹாவில் நின்று அம்மாவின் காதில் வைப்பேன். அவரால் வாயால் கேட்க ஏலாது, ஆடினதோ இல்லையோ என்று நீயாகச் சொல்லு. உள்ளதைச் சொல்லு.

உன் அப்பா
ம. அலோசியஸ்