குளிர் சுட்ட விரல்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். அட்டையில் 'கணக்கு' என்று போட்டிருப்பது பொய். எங்கள் வீட்டில் யாரும் கணக்கு நோட்டை ஆசையாக எடுத்துப் பார்க்க மாட்டார்கள், அதனால்தான்.

அம்மா கார் ஏசி மெக்கானிக். பள்ளி விட்டதும் நான் அவள் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரே ஒரு நிபந்தனை, எதையும் தொடக் கூடாது.

இன்று தொட்டுவிட்டேன்.

எப்போதும் கறுப்புக்கண்ணாடி போட்டிருக்கும் டிரைவர் அண்ணனின் வாடகைக் கார் பானெட் திறந்தபடி நின்றது. குளிர் பத்தவில்லை என்று கொண்டுவந்திருந்தார். அம்மா கை கழுவப் போயிருந்தாள். ஏசி குழாயில் ஒரு சின்ன மூடி உண்டு. கழற்றினால் உள்ளே, சைக்கிள் டியூபில் இருப்பது போலவே ஒரு ஊசி. கேஸ் இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொன்னால் அம்மா அசந்துபோவாள் என்று நினைத்தேன். ஹேர்பின்னால் அழுத்தினேன்.

சீறியது. விரல் நுனி வெளுத்துவிட்டது. தொட்டது குளிர்தான், ஆனால் நெருப்பு மாதிரி சுட்டது. மூடியைத் திருகிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

"என்னடி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா புது கேஸைத் தராசில் நிறுத்து ஏற்றி அனுப்பிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லைதானே?

மார்ச் 4

விரலில் கொப்புளம். பென்சில் சீவும்போது வெட்டிக்கொண்டேன் என்று சொல்லி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். அம்மாவின் மணிக்கட்டிலும் கேஸ் பட்ட ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அவள் கிட்டே வரும்போதெல்லாம் கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொள்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

கறுப்புக்கண்ணாடி அண்ணனின் கார் திரும்பி வந்துவிட்டது.

"ஏன்க்கா, நீங்க போட்டது கேஸா, கொட்டாவியா? நாலு நாள்ல காணாமப் போயிடுச்சு. சவாரி ஏறினவங்க பாதி வழியில எறங்கிப் போறாங்க."

பட்டறையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. குழாய்களை மாட்டி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி, அரை மணி நேரம் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் அசையவில்லை. இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவினாள். ஒரு குமிழி கூட இல்லை.

"எங்கயும் ஓட்டை இல்ல. பின்ன கேஸுக்கு இறக்கை முளைச்சுதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கேஸ் ஏற்றி அனுப்பினாள்.

எனக்குத் தெரியும். குழாய் மாட்டியிருக்கும்போது அந்த ஊசி அழுந்தியே இருக்கும். குழாயைக் கழற்றிய பிறகுதான் அது மூட வேண்டும். நான் குத்தியதிலிருந்து சரியாக மூடவில்லை. சோதிக்கிற நேரத்தில் கசியாமல், கார் வெளியே போனதும் கசிகிறது. வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மூன்றாவது தடவை. முதலாளியே எழுந்து வந்தார். "புதன்கிழமைக்குள்ள கண்டுபிடிம்மா. முடியலேன்னா நீ கார் கழுவுற பக்கம் போயிடு. ஏசிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

இந்த ஏசி வேலைக்கு வர அம்மா ஆறு வருஷம் கார் கழுவினாள்.

இந்த முறை கேஸோடு சாயமும் ஏற்றியிருக்கிறாள். "சாதாரண வெளிச்சத்துல கண்ணுக்கே படாது. ஊதா விளக்கு அடிச்சா, கசிஞ்ச எடம் பச்சையா மின்னும்" என்று எனக்கே விளக்கினாள்.

மார்ச் 14

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 15

நாளைக்கு.

மார்ச் 18, புதன்

நான் ரொம்பக் கெட்டவள். பட்டறைக்குள் போனபோது கார் வந்து நின்றிருந்தது. அம்மா விளக்கை எடுக்க உள்ளே போயிருந்தாள். மூடியைக் கழற்றி, ஊசியைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன்? கண்டுபிடித்தால்தானே அம்மா தப்பிப்பாள்? அந்த நேரத்தில் எனக்கு என்னைத் தவிர யாரும் ஞாபகத்தில் இல்லை.

ஆனால் துடைத்தால் போகிற சாயமா அது? அம்மா அந்த மூடிக்கு நேரே விளக்கை வெகு நேரம் பிடித்திருந்தாள். "யாரோ தொடச்சிருக்காங்க" என்று தனக்குள் சொன்னாள். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. பத்தே நிமிஷத்தில் ஊசியை மாற்றிவிட்டாள்.

முதலாளி கேட்டார்: "இவ்ளோதானா? இதைச் சரியாப் போடாம விட்டது யாரு?"

"நான்தாங்க. என் கவனக்குறைவு."

"அப்ப திங்கள்லேர்ந்து கழுவுற பக்கம்."

அம்மா செய்யாத தப்பை ஏன் ஒத்துக்கொண்டாள்? வரும் வழியில் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருப்பேன். பட்டறைச் சாமான் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதவள், இன்று அந்த விளக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.

நாளைக் காலை முதலாளியிடம் நானே போய்ச் சொல்வேன். இந்த 'நாளை' அந்த 'நாளை' இல்லை. சத்தியமாக.

கூடத்து விளக்கு அணைகிறது. அம்மாவின் செருப்புச் சத்தம். நான் கை கழுவிய குழாயடியில் நிற்கிறது. என் துண்டு தொங்கும் கொடியருகே நிற்கிறது. இப்போது என் கதவுத் தாழ்ப்பாள் பக்கம்—

கதவுக்கடியில் ஊதா வெளிச்சம். இந்த நோட்டின் தாள் நீலமாகத் தெரிகிறது. அதன் ஓரத்தில் பச்சையாக, ரேகையோடு, என் கட்டைவிரல்.

தட்டுகிறாள்.

"தூங்கலைன்னு தெரியும்டி. கார் கிடக்கட்டும். அந்த விரலைக் காட்டு மொதல்ல. புண்ணு ஆறிடுச்சா?"