ஒரே தடவை கேட்டார்கள்

கான்சாஸ், நவம்பர் 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு சியாவஷ் எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி தேவலையா? ஷிராஸில் குளிர் வந்துவிட்டதா?

இங்கே அமெரிக்கர்களின் நன்றித் திருநாள் விடுமுறைக்காக விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தை மூடிவிட்டார்கள். அறைத்தோழன் டேல் தன் வீட்டுக்கு அழைத்தான். வெறும் வயிற்றோடு நாள் முழுக்கப் பேருந்தில் போனேன். மேசையில் முழு வான்கோழி, ஆவி பறக்க.

"கொஞ்சம் வைக்கட்டுமாப்பா?" என்றார் டேலின் அம்மா.

நம் ஈரான் வழக்கப்படி, "ஐயோ வேண்டாம்மா, பசியே இல்ல" என்றேன்.

"சரிப்பா, உன் இஷ்டம்" என்று தட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டார்! இன்னொரு தடவை கேட்டால் வாய் வலிக்குமா? மூன்றாவது தடவை சரி என்று சொல்லத்தானே உட்கார்ந்திருந்தேன்?

"பசிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானடா?" என்று டேல் சிரிக்கிறான். கேட்டு வாங்கித் தின்ன நான் என்ன பிச்சைக்காரனா?

கவலைப்படாதீர்கள், திரும்பும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உலர்ந்த எலுமிச்சை கொடுத்தனுப்புங்கள். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். பதில் எழுதும்போது 'சாப்பிட்டியா' என்று மூன்று தடவை கேளுங்கள். முதல் இரண்டு தடவையும் 'ஆச்சும்மா' என்றுதான் சொல்வேன்.

உங்கள் சியாவஷ்