ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது

மார்ச் 4
நிலவறையில் இன்றும் தண்ணீர். அதிகமில்லை, கால்விரல் நனையும் அளவுதான். கீழ்த்தட்டுப் பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றினோம். மேல்தட்டில் இருந்தவை நடைவழிக்கு வந்தன. நாளை நடைவழியில் இருப்பதை எங்கே வைப்பது? அருங்காட்சியகக் கிடங்குக் காப்பாளன் என்று பெயர், பார்ப்பதென்னவோ மூட்டை தூக்கும் வேலை.

பழைய மணப்பெண் உடை ஒன்றில் பூஞ்சணம் கழுத்துப்பட்டி வரை ஏறிவிட்டது. துடைத்தால் துணியும் சேர்ந்து வருகிறது.

"இந்த வருஷம் புதுக் கட்டடம் வந்துடும்" என்றார் இயக்குநர். வந்தால், பக்கத்து வீட்டை இடித்துவிட்டுத்தான் வரும். அந்த வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள். நானும் பிறந்த வீடு.

மார்ச் 9
அக்கா வாசலில் பதாகை கட்டிவிட்டாள். "எங்கள் வீடு, எங்கள் வரலாறு." தெருக்காரர்கள் எல்லாரும் அவள் பக்கம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 10
போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 22
நகராட்சிக் கூட்டம். இயக்குநர் என்னைத்தான் பேசச் சொன்னார். எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் முன்வரிசையிலிருந்து அக்கா: "டேய், அப்பா கண்ண மூடின வீடுடா அது. நீ உன் வாயால இடின்னு சொல்லு, நான் பெட்டியக் கட்டிட்டுப் போயிடறேன்." கூட்டம் சிரித்தது. எனக்கு ஐம்பத்தேழு வயது.

பொருள்கள் அழிகின்றன, உலர்ந்த இடம் வேண்டும் — இவ்வளவுதான் சொன்னேன். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவனானேன்.

பிறகு அக்கா மைக்கைப் பிடித்தாள். "ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. யாரும். எதுக்காகவும்." ஒரே கைதட்டல். நானும் தட்டப்போய்க் கையை மடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "உங்க அக்கா பிச்சு உதறிட்டாங்களாமே. நீங்க என்ன பேசினீங்க?"
சாப்பாடு போடச் சொன்னேன்.

ஏப்ரல் 17
அக்கா ஜெயித்துவிட்டாள். வீடு இனி பாதுகாக்கப்பட்ட கட்டடம். விரிவாக்கம் கைவிடப்பட்டது. "உங்க குடும்பத்துக்கு வாழ்த்துகள்" என்றார் இயக்குநர், என் முகத்தைப் பார்க்காமல்.

மணப்பெண் உடையைக் காப்பாற்ற முடியவில்லை. கழிவில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டேன். அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருத்தி என்றோ ஒருநாள் உடுத்திய துணிக்கு அழுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மே 30
மழை. ஏற்றினோம். இறக்கினோம்.

ஜூன் 12
அக்காவிடமிருந்து போன். "கோவத்தையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல வா."

மாடிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில்தான். கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பதாகைத் துணியைக் கிழித்து முட்டியில் கட்டியிருந்தாள். 'வரலாறு' என்ற சொல் மட்டும் தெரிந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "சிரிச்சுத் தொலை" என்றாள்.

ஜூலை 3
படிக்கு ஒரு கைப்பிடி, கீழே ஒரு குளியலறை — அக்கா கேட்டது இவ்வளவுதான். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு மறுத்துவிட்டது. பழைய சுவரில் துளை போடக்கூடாதாம். காரணமாகக் கூட்டத்தில் அவள் பேசியதையே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

"நான் சொன்னதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கானுங்கடா." சிரித்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். எங்களுக்குத் தரைத்தளம். மனைவி ஏற்கெனவே கட்டிலில் விரிப்பை மாற்றி வைத்திருந்தாள்.

ஜூலை 20
அக்காவுக்கு எதுவும் சரியில்லை. தலையணை உயரம், குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை, நான் குறட்டை விடுகிறேன். மனைவியும் அவளோடு கூட்டுச் சேர்ந்துகொண்டாள்.

இன்று அக்கா என் சட்டையை முகர்ந்துவிட்டு, "தினமும் இந்த நாத்தத்தோடதான் வேலை பாக்கிறியா?" என்று கேட்டாள். பூஞ்சணம் என்றேன். அந்த மணப்பெண் உடையைப் பற்றியும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இத ஏன்டா அன்னைக்கே சொல்லல?"
"சொன்னேனேக்கா. கூட்டத்துல."
"கூட்டத்துல யாருடா காது குடுத்துக் கேக்கறது!"

ஆகஸ்ட் 6
அக்காவே இயக்குநருக்குப் போன் செய்திருக்கிறாள். "மாடி சும்மாதான் கிடக்கு. நல்ல காத்தோட்டம். உங்க பெட்டியெல்லாம் அங்க வச்சுக்கங்க. ஒரு ஆணி அடிச்சீங்க, நொண்டிக்கிட்டே வந்து நிப்பேன்."

பொறியாளர் தளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கனமில்லாத பெட்டிகள் மட்டும் என்றார். துணிப் பெட்டிகள்தானே, போதும். எதையும் மாற்றவில்லை என்பதால் குழுவும் சரி என்றது. இத்தனை மாதம் எதற்காக அடித்துக்கொண்டோம்? யோசிக்கவும் தெம்பில்லை.

செப்டம்பர் 18
இரவு முழுக்க மழை. விடிந்ததும் அந்த வீட்டுக்குத்தான் ஓடினேன். கைப்பிடி இல்லாத படி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், என் முட்டியும் முணுமுணுத்தது.

சிறு வயதில் நானும் அக்காவும் படுத்த அறை. எங்கள் பாய்கள் கிடந்த இடத்தில் பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கை வைத்துப் பார்த்தேன். பிறகு தரையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுமுன் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.
"வீடு எப்படிடா இருக்கு?"
"காய்ஞ்சிருக்குக்கா."
"நம்ம அறைதானே?"
"ஆமா."
"ஒருதடவ வந்து பாக்கணும்டா."
"வாக்கா" என்றேன்.

படியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.