மூன்று மஞ்சள் தோட்டாக்கள்

1978 நவம்பர் 12, ஞாயிறு

வரும் சனிக்கிழமை முயல் வேட்டை தொடங்குகிறது. சாயங்காலம் முழுக்க அப்பா கிழவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கிழவி என்பது அவருடைய துப்பாக்கி. பதின்மூன்று வயதில், ஒரு பருவம் முழுக்கப் பக்கத்துப் பண்ணையில் புகையிலை வெட்டி வாங்கியது. ஒற்றைக் குழல், நடுவில் மடித்துத் திறப்பது. மரப்பிடி விரிசல் விட்டதால் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது.

"என்னைவிட அவளைத்தான் ரொம்ப நேரம் தடவுறீங்க" என்றாள் அம்மா.

"உனக்கு முன்னாடியே வந்தவடி அவ."

அம்மா சோள ரொட்டித் துண்டை அவர்மேல் எறிந்தாள். ஜிஞ்சர் பாய்ந்து கவ்விக்கொண்டது. நாய்க்குத்தான் லாபம்.

ஏப்ரலில் எனக்கும் பதின்மூன்று. அன்றுதான் கிழவியைத் தொடலாம். அதுவரை ராய்ஸ் சித்தப்பாவின் சின்னத் துப்பாக்கி. அதன் தோட்டா மஞ்சள், ஒல்லி. கிழவியுடையது சிவப்பு, குண்டு. சித்தப்பா கொடுத்த மூன்று மஞ்சள் என் கோட்டுப் பையில் இருக்கின்றன. மஞ்சளும் சிவப்பும் ஒரே பையில் இருக்கவே கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஏன் என்று கேட்டதில்லை. கட்டில்மேல் தொப்பி வைக்காதே என்று அம்மா சொல்வாளே, அதுபோல ஏதோ சகுனம்.

நவம்பர் 15, புதன்

செய்துவிட்டேன்.

பள்ளி விட்டு வந்தபோது அப்பாவும் அம்மாவும் புகையிலை இலை பிரிக்கப் போயிருந்தார்கள். கிழவியை ஆணியிலிருந்து இறக்கிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனேன். சுட அல்ல. சும்மா பிடித்துப் பார்க்க. என்ன கனம்! கம்பி சுற்றிய இடம் அப்பா கைபட்டு வழவழவென்று இருந்தது. அப்புறம் ஒரு மஞ்சளைப் போட்டேன். ஏன் போட்டேன்? மூடினேன், திறந்தேன் — காணோம். அந்த நேரம் பார்த்து வண்டிச் சத்தம். ஓடிப்போய் ஆணியில் மாட்டிவிட்டேன்.

வைக்கோலில் விழுந்திருக்கும். விழுந்திருக்கும்தானே?

நவம்பர் 16, வியாழன்

வைக்கோலில் இல்லை. காலையில் முட்டி போட்டுத் தேடினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வந்திருந்தார். மஞ்சளையும் சிவப்பையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று கேட்டேன்.

"மஞ்சள் உள்ள வழுக்கிப் போய்ச் சிக்கிக்கும் புள்ள. பின்னாலேர்ந்து பாத்தா காலியாட்டம் இருக்கும். அது தெரியாம சிவப்பப் போட்டுச் சுட்டா, குழல் கையிலயே வெடிச்சிரும். பக்கத்துப் பண்ணை கிளைடு விரல் எப்பிடிப் போச்சுன்ற?"

"எதுக்குக் கேக்குற?" என்றார் அப்பா.

"சும்மா."

என் ரொட்டியை மேசைக்கடியில் ஜிஞ்சருக்குப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 17, வெள்ளி

பள்ளியிலிருந்து ஓடி வந்தேன். ஆணி காலி. நேற்றே கிழவியைப் போர்வையில் சுற்றிச் சித்தப்பா வண்டியில் வைத்துவிட்டார்களாம். வண்டி விடியற்காலையில்தான் வரும்.

சாப்பிடும்போது மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் உப்புதான் கேட்டேன். அப்பா அடிக்க மாட்டார். அடித்தால்கூடத் தேவலை. ஏப்ரல் போய்விடும், அவர் முகம் மாறிவிடும் என்றுதான் — ஐயோ, முகமா பெரிது? கை போனால்? கண் போனால்? இதை இங்கே எழுத முடிகிறது, நாலு எட்டு நடந்து அவர் கதவைத் தட்ட முடியவில்லையே. என்ன பிறவி நான்?

டார்ச் மங்குகிறது. தூங்க மாட்டேன். தூங்கக் கூடாது.

நவம்பர் 18, சனி

வண்டிச் சத்தம் கேட்டதும் வெறுங்காலோடு பனியில் ஓடினேன். அப்பா வண்டியருகே நின்றிருந்தார். இரண்டு மஞ்சளை நீட்டினேன்.

"மூணுல்ல குடுத்தேன்?" என்றார் சித்தப்பா.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு போர்வையைப் பிரித்து, கிழவியைத் திறந்து, வண்டி விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். துடைக்கும் கம்பியை முன்பக்கம் விட்டுத் தள்ளினார். மஞ்சள் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"பாக்காமலே போட்டிருப்பியாண்ணே?"

"முப்பது வருஷமா பாத்ததில்லடா. கிழவிய எனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்." வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சளை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கோவமாப்பா?"

"ஆமா." தன் கோட்டைக் கழற்றி என் காலில் சுற்றினார். "ஏப்ரல் இல்ல. அதுக்கடுத்த ஏப்ரல். உள்ள போ, கழுத. விரல் ஒறைஞ்சிரப் போவுது."

வேட்டைக்கு அவர் போகவில்லை.

நவம்பர் 25, சனி

என்னையும் கூட்டிப்போனார். துப்பாக்கி தருவதற்கு அல்ல. ஒவ்வொரு முறையும் தோட்டா போடுமுன் கிழவியைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"வானம் தெரியுதா?"

குழலின் அந்தக் கோடியில் ஒரு பொத்தான் அளவு வானம். "தெரியுதுப்பா." அப்புறம் அவரும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சிவப்பைப் போட்டார்.

"வானிலை அறிக்கை முடிஞ்சுதாம்மா? முயலுக்கு நரை விழுந்துரும்" என்றார் சித்தப்பா.

"நீ சும்மா இருடா. அவ பாக்கட்டும்."

இரண்டு முயல். ஜிஞ்சருக்குக் காது கிழிந்தது, முள்ளில்.

கடைசி முறை தூறல் போட ஆரம்பித்திருந்தது. குழலுக்குள் வெறும் சாம்பல் நிறம். இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தேன். வானம்தான்.

"தெரியுதுப்பா" என்றேன்.

இந்த முறை அப்பா குழலுக்குள் பார்க்கவில்லை. தோட்டாவைப் போட்டு மூடினார்.