வெயிலில் காய்ந்த முருங்கை இலை

அக்கா,

இன்று மத்தியானம் அம்மா பீரோவை ஒழுங்கு செய்தபோது உன் நீலத் துப்பட்டா கீழே விழுந்தது. மடிப்புப் பிரிந்ததும் லேசாக ஒரு புளித்த வாசம் வந்தது. உன் ஆராய்ச்சி லேபில் நீ தண்ணீரில் கலக்கும் அசிட்டிக் அமிலத்தின் வாசம். அம்மா அதை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டாள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் உன் பேரை எடுப்பதில்லை. அதனால்தான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். அப்பா பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் நாளைக் காலையைப் பற்றி.

நாளை அப்பா என்னைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அவிநாசிக்குக் கூட்டிப்போகிறார். முதல் குரூப்புக்கு வேண்டிய மார்க் எனக்கு இருக்கிறது. ஆனால் மூன்றாம் குரூப்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். கெமிஸ்ட்ரி இருக்கும் பக்கமே நான் போகக் கூடாதாம். உனக்கு வந்தது மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அப்பா நம்பவில்லை. “அந்த மருந்து நாத்தந்தான் எம்புள்ளயக் கொண்டுபோச்சு” என்கிறார்.

ஒரு லீவு நாளில் நீ என்னைக் கோயமுத்தூருக்கு, உன் லேபுக்குக் கூட்டிப்போனாய். எதையும் தொடக் கூடாது என்று ஸ்டூலில் உட்கார வைத்தாய். மேசைமேல் இருந்த மெஷினின் பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. முருங்கை இலைச் சாற்றை ஒரு சின்ன ஊசியில் எடுத்து அதற்குள் செலுத்தினாய்.

“ஏக்கா, உள்ள என்னாகுது?”

“அந்த இரும்புக் குழாய்க்குள்ள மாவாட்டம் ஒரு பொடி அடைச்சிருக்கு. எலையில இருக்குற பீனால்ங்கற சத்துல சிலது அதுல ஒட்டிக்கும், சிலது ஒட்டாம ஓடியாந்துரும். எது எப்ப வருதுன்னு பாத்து, அது யாருன்னு கண்டுபுடிக்கோணும்.”

தாள் மெல்ல நகர, பேனா தானாக ஏறி இறங்கி மலை மலையாக வரைந்தது. அந்தப் பீனால்களில் காலிக் அமிலம் சீக்கிரமே வந்துவிட்டது. குவர்செட்டின் வரவே இல்லை. “அது நம்ம பெரியப்பனாட்டம். பந்தி முடியறப்பத்தான் வந்து நிக்கும்” என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அது வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். கரண்ட் வந்ததும், கொஞ்சமும் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

அப்பா அப்போதெல்லாம் உன்னைச் சீண்டுவார். “ஏனம்மணி, முருங்கக்கீரையில என்ன இருக்குதுன்னு தெரிய இத்தன வருசம் படிக்கோணுமா? பொரியல் பண்ணித் தின்னாத் தெரிஞ்சு போச்சு.” நீயும் விடமாட்டாய். “தின்னா உங்களுக்கு மட்டுந்தானுங்கப்பா தெரியும். நான் எழுதி வெச்சா ஊருக்கே தெரியும்.”

அந்த இலையைத்தான் நீ நம் உள் அறையில் பழைய சேலை விரித்து நிழலில் உலர்த்தியிருந்தாய். நீ வெளியே போயிருந்த நேரம் அப்பா அதைப் பார்த்தார். சோளமும் மிளகாயும் காய வைத்துப் பழகிய மனுஷன். சேலையோடு தூக்கிக்கொண்டு போய்க் களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டார். நீ வந்ததும் பெருமையாகச் சொன்னார்: “நெழல்ல கெடந்தாப் பூசணம் புடிச்சுப் போகுங் கண்ணு. நல்ல வெயில்ல போட்டுப் பெரட்டி உட்டிருக்கேன். தொட்டுப் பாரு, அப்பளமாட்டம் நொறுங்குது.”

உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனால் அவரிடம், “நல்லாக் காஞ்சிருக்குதுங்கப்பா” என்று மட்டும் சொன்னாய். மறுநாள் விடியற்காலையில் நீ மரத்தடியில் நின்று மறுபடி இலை பறித்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது மெஷின் வரைந்த இரண்டு தாள்களைப் பாயில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து என்னைக் கூப்பிட்டாய். நிழலில் காய்ந்த இலையில் உயரமாக நின்ற மலைகள், வெயிலில் காய்ந்த இலையில் குன்றுகளாகச் சரிந்திருந்தன. உனக்கு அத்தனை சந்தோஷம். “அப்பா வெயில்ல போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரு புள்ள! வெயில் பட்டா எவ்வளவு சத்து போகுதுன்னு இதுலயே தெரியுது. தீசிஸ்ல தனியா ஒரு பாகமே வெக்கறேன். அவருகிட்ட இப்பச் சொல்லிப்போடாத. புஸ்தகமா பைண்ட் பண்ணிக் கொண்டாந்து நானே காட்டறேன்.”

பைண்ட் செய்வதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

இன்று சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தபோது தைரியம் வரவழைத்துக் கேட்டேன். “ஏனுங்கப்பா, நான் முதல் குரூப்பே எடுத்துக்கட்டுங்களா?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். “நாந்தான் சாமி அந்த எலையக் கெடுத்துப்போட்டேன். அதைய மறுக்காச் செய்யோணும்னுதான உங்கக்கா ராவும் பகலும் அங்கயே கெடந்துச்சு. நான் கைய வெக்காம இருந்திருந்தா, அந்த நாத்தத்துல அத்தன நாள் இருந்திருக்குமா? இன்னொன்னையும் அனுப்பச் சொல்றயா?”

 இத்தனை நாளும் அவர் உன் லேபின் மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. ஆனால் குரூப்புக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டால்? உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அக்கா. அவருக்கு நீ சொல்ல நினைத்த ‘நல்லதாப் போச்சு’ என்ற சொல் என்னிடம் இருக்கிறது. நீ சிரித்த சிரிப்போடு, அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டது நான் ஒருத்திதான். குரூப்போடு சேர்த்து அதைப் பேரம் பேசக் கூடாது. மூன்றாம் குரூப்பிலேயே சேர்த்தாலும் சேர்க்கட்டும்.

வெளியே கட்டில் கிறீச்சிடுகிறது. அப்பா இன்னும் தூங்கவில்லை.  விடியும்வரை வைத்திருந்தால் எனக்கு வாய் வராது. போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.